தீவுத் தேத்தண்ணி

நான் கட்டியவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றது பிறகு.

மில்லிக்கனில், ஸ்ரீல்ஸ் றோட்டுக்குக் கிட்ட உள்ள பிளாசாவில், மீனும் மரக்கறியும் பலசரக்கும் விற்கிற கடை ஒன்றைக் கட்டினேன். மீன் மணக்கும் என்று பிளாசாக்காரன் மூன்று தரம் திருப்பி அனுப்பினான். நாலாம் தரம் கடைப் பூட்டின் திறப்பைத் தந்தான். கடைக்குப் பின்னால் உள்ள குளிரறையை, யாரோ கழற்றி எறிந்த பலகைகளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து என் கையாலேயே பொருத்திப் பூட்டினேன். பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் இது எந்தக் கொம்பனி செய்தது என்று கேட்டார். நெஞ்சில் கையை வைத்துக் காட்டினேன். ஸ்ரௌவ்வில்லில் நாலு அறை உள்ள வீடு. ஒரே மகளை மருந்துப் படிப்புப் படிப்பித்தேன். அவள் இன்றைக்கு ஒஷாவாவில் ஒரு பார்மசியில் வெள்ளைக் கோட்டோடு நிற்கிறாள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இந்த நாட்டில் வந்து இறங்கியபோது என் பெயரை ஆங்கிலத்தில் எழுதத் தெரியாது. நான் கோப்பை கழுவிய உணவகத்தில் கூட வேலை செய்த ஒரு சீனத்து மனிதர்தான் காட்போட் பெட்டியில் எழுதிக் காட்டித் தந்தார். அந்தக் கையெழுத்துத்தான் இன்றைக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தப் பக்கத்துத் தமிழ்ச் சனத்துக்குத் துருக்கித் தேத்தண்ணியைக் கொண்டுவந்து காட்டியவன் நான். இப்போது வேறு கடைகளிலும் அதே சாம்பல் நிற இலையைப் பைக்கற்றில் போட்டு, ‘தீவுத் தேத்தண்ணி’ என்று நான் வைத்த பெயரையே ஒட்டி விற்கிறார்கள். ஒருவனாவது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டானா? முன்பென்றால் போய்ச் சண்டை பிடித்திருப்பேன். பிடித்தும் இருக்கிறேன். இப்போது அந்தப் பைக்கற்றைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்பி நடந்து போய்விடுகிறேன்.

அது ஏன் என்று சொல்வதென்றால் என் மனைவியின் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கடையில் நான் கட்டியது சுவரும் குளிரறையும்தான். சனம் வந்தது அவளின் குரலுக்கு. காலையில் மீன் வந்து இறங்கினால் ரெலிபோன் அடிக்கத் தொடங்கும். அவள் ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் செருகிக்கொண்டு, கையால் வாழைக்காயை அடுக்கிக்கொண்டு, பாட்டுப் பாடுவதுபோலச் சொல்லுவாள்:

“ஓமோம், சொல்லுங்கோ அக்கா. விளைமீன் வந்திருக்கு, ஒட்டி வந்திருக்கு, கணவாய் சின்னன். நண்டோ? நண்டு வேண்டாம். நான் சொல்லுறன் வேண்டாம். வியாழக்கிழமை எடுங்கோ.”

நான் பின்னால் நின்று பல்லைக் கடிப்பேன். “இஞ்சேரப்பா, நண்டை நான் ஆருக்கு விக்கிறது?”

“நீங்கள் வாங்கினனீங்கள், நீங்களே தின்னுங்கோ” என்பாள், ரிசீவரை மூடாமலே. அந்தப் பக்கத்தில் இருப்பவர் சிரிப்பது எனக்குக் கேட்கும். அப்படி வேண்டாம் என்று சொன்னதால்தான் வியாழக்கிழமை இரண்டு மடங்கு சனம் வந்தது என்பதை நான் அவளிடம் ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை.

அவள் யாழ்ப்பாணப் பட்டினத்துக்காரி. நான் கடலுக்கு அங்கால் தீவுப் பகுதியைச் சேர்ந்தவன். பட்டினத்தார் எங்களைக் கேலியாகச் சொல்லுகிற சொல் ‘தீவான்’. வேறு யாரும் அந்தச் சொல்லைச் சொன்னால் எனக்கு ரத்தம் கொதிக்கும். அவள் சொன்னால் கொதிக்காது. “தீவானுக்குக் கதை சொல்லிக் குடுக்கவே வேணும்” என்று கல்யாணமான மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கள் கடைக்கு அடுத்த கடை துருக்கிக்காரனுடையது. என்னைவிடப் பத்து வயது இளையவன். அவனை நான் ‘தம்பி’ என்றேன், அவன் என்னை ‘அபி’ என்றான். அபி என்றால் அவர்கள் பாஷையில் அண்ணை என்று பிறகுதான் தெரியவந்தது. எங்கள் இருவருடைய ஆங்கிலத்தையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு ஆளுக்குக் காணாது. ஆனபடியால் அவன் சொன்னவற்றை என் தமிழிலேயே எழுதுகிறேன்.

அவன் கடையில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடிச் சாடிகள். அவனுடைய தகப்பன் ஊரில் மூலிகைக் கடை வைத்திருந்தவர். ஒவ்வொரு சாடியாகத் திறந்து என் மூக்குக்குக் கிட்டப் பிடிப்பான். இகலமூர் என்று ஒரு மரத்துப் பூ. வெளிறிய மஞ்சள், தேன் மணம். கறுவாப்பட்டையும் எலுமிச்சையும் போட்டுக் குடித்தால் தடிமன் சளி இளகும், மனம் ஆறும் என்பான். காட்டு ரோசாவின் சிவப்புக் காய். நெல்லிக்காய்போலப் புளிக்கும், பனிக் காலத்துக்கு உடம்புக்குத் தெம்பு என்பார்களாம். வயிற்றுப் பொருமலுக்குக் காட்டு ஓமம்போல ஒரு இலை, பிள்ளை பெற்றவளுக்குப் பெருஞ்சீரகம், மூட்டு நோவுக்குச் செந்தட்டிபோலத் தொட்டால் சொறிய வைக்கிற ஒரு இலை, நித்திரைக்கு ஒரு வெள்ளைப் பூ. எல்லாவற்றையும் அவர்கள் ‘சாய்’ என்றுதான் சொல்கிறார்கள். தேயிலை விளைகிற நாட்டிலிருந்து வந்த எனக்கு அது சிரிப்பாக இருந்தது.

“தம்பி, இதில தேயிலை எங்கை?”

“அபி, சுடுதண்ணிக்குள்ள எது விழுந்தாலும் எங்களுக்குச் சாய்தான். உங்கட நாட்டுத் தேயிலை வேலை செய்யிறவனுக்கு. இது நோய் வந்த வருத்தக்காரனுக்கு.”

கடைசியாக ஒரு சாடியைத் திறந்தான். சாம்பலும் பச்சையும் கலந்த இலை, பூனைக் காதுபோல மெல்லிய மயிர். கற்பூரவள்ளி மணம், கூடவே கொஞ்சம் கடல். இதன் பெயர் ‘அடா சாயி’ என்றான். தொண்டை நோவுக்கு, வாய்ப்புண்ணுக்கு, கொப்பளிக்க, குடிக்க.

“அடா எண்டால் என்ன?”

அவன் மேசையில் விரலால் ஒரு வட்டம் கீறினான். வட்டத்தைச் சுற்றிக் கையை அலைபோல ஆட்டினான். “தண்ணி, தண்ணி, தண்ணி. நடுவில நிலம்.”

தீவு. அடா என்றால் தீவு. தீவுத் தேத்தண்ணி.

நான் அந்தச் சாடியைப் பிடித்துக்கொண்டே எங்கள் கடைக்குள் ஓடினேன். “இஞ்சேரும், கேட்டீரோ? எங்கட பேரில துருக்கியிலை மருந்து இருக்கு. தீவான் எண்டு சிரிச்சீர். அங்கை தீவு எண்டால் மருந்து!”

அவள் ரெலிபோனைப் பொத்திக்கொண்டு சாடியை மணந்து பார்த்தாள். “மணம் நல்லாத்தான் இருக்கு. தீவானைவிட.”

அன்று மாலையே நான் அதைக் காய்ச்சினேன். எப்படி? எங்கள் ஆட்கள் மல்லியும் இஞ்சியும் அவிக்கிற மாதிரித்தான். ஒரு பிடி இலை, மூன்று கப் தண்ணி, ஒரு கப்பாக வற்றும் வரைக்கும் கொதிக்கவிட்டேன். தார் போல வந்தது. துருக்கிக்காரனுக்கு ஒரு வாய் கொடுத்தேன். அவன் முகம் போன போக்கை என்னவென்று சொல்ல.

“அபி! இது சூப் இல்லை! கொதிச்ச தண்ணியை மேல ஊத்து, மூடி வை, அஞ்சு நிமிசம். நெருப்பில வைச்சால் கைச்சுப் போகும், உடம்புக்கும் கூடாது.”

“வத்தினால்தானே மருந்து.”

“உங்கட நாட்டு மருந்து வத்தட்டும். இது ஊறுற மருந்து.”

பிறகு அவன் ஒரு விரலை நிமிர்த்திக் காட்டி இன்னொன்று சொன்னான். அதை நான் இங்கே சரியாக எழுத வேண்டும். “ஒரு கிழமை, ஏழு நாள், அபி. ஒரு கிழமையிலை தொண்டை நோவு மாறிச் சுகம் வராட்டில் இலை இல்லை, டொக்டர். என்ர அப்பா ஒரே வருத்தத்துக்கு மூண்டாம் பைக்கற் கேட்டு வாறவனுக்கு விக்கமாட்டார். கையைப் பிடிச்சு டொக்டர் வீட்டு வாசலில விட்டிட்டு வருவார்.” அவனும் அப்படித்தான் செய்தான். யார் எந்த இலையை எத்தனையாம் தரம் வாங்குகிறார்கள் என்பது அவனுக்கு மனப்பாடம். மூன்றாம் தரம் வருபவரைப் பார்த்துக் கையை விரிப்பான்.

நான் தலையாட்டினேன். கேட்டேன், விளங்கியது. விளங்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

அடுத்த மாதம் அவனிடமிருந்து சாக்காக எடுத்தேன். சின்னப் பைக்கற்றுகளில் போட்டு, ‘தீவுத் தேத்தண்ணி’ என்று என் கையாலேயே தமிழில் எழுதி ஒட்டினேன். கீழே அதன் குணங்கள். அவன் சொன்னது தொண்டையும் வாயும். நான் சளி, இருமல், சமிபாடு, முழங்கால், ஞாபக சக்தி என்று நீட்டினேன். எழுத எழுத இடம் மிச்சம் இருந்தது, அதனால் சீனி வருத்தம் என்கிற நீரிழிவையும் சேர்த்தேன். ஒரு கிழமை என்று எழுதவில்லை. டொக்டர் என்று எழுதவில்லை. மூன்றாம் பைக்கற் என்று எழுதவில்லை. சரக்கை விற்கிறவன் வாங்காதே என்று எழுதுவானா? எங்கள் கடையில் அந்த வேலையைச் செய்தது மனைவி ஒருத்திதான், அதுவும் நண்டுக்கு.

சனம் அள்ளிக்கொண்டு போனது. ஒருநாள் எங்கள் தீவைச் சேர்ந்த ஒரு அன்ரி பைக்கற்றைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டு நின்றா.

“அண்ணை, உது எங்கட தீவில எந்தப் பக்கம் விளையிறது? நான் கண்டதா ஞாபகமில்லை.”

“கடற்கரைப் பக்கம்” என்றேன்.

“ஓமோம், இப்ப ஞாபகம் வருது. அம்மா கொப்பளிக்கத் தாறவ” என்று கண் கலங்கிக்கொண்டு நாலு பைக்கற் எடுத்தா. அவவின் தாயார் அந்த இலையைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டா. நான் திருத்தவில்லை. அவ போன பிறகு மனைவி என்னைப் பார்த்தாள். மகளைப்போல அவளும் என்னை அப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

“ஏன் அப்பா பொய் சொல்லுறியள்?”

“எது பொய்? அது கடற்கரையிலதான் விளையுது. எந்தக் கடற்கரை எண்டு அவ கேக்கேல்லை.”

“நீங்கள் நண்டு வித்திருக்கலாம்” என்றாள்.

அந்தப் பங்குனியில் அவளின் குரல் கம்மத் தொடங்கியது.

குளிர் பிடித்திருக்கிறது என்றுதான் நினைத்தோம். நான் கெற்றிலைக் கொதிக்க வைத்து, இலையைக் கோப்பையில் போட்டு, மூடி வைத்து, துருக்கிக்காரன் சொன்னபடி அஞ்சு நிமிடம் எண்ணி, தேன் விட்டுக் கொடுத்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை. என்னைப்போல அந்தத் தேத்தண்ணியைப் போட ஆள் இல்லை. அவள் கோப்பையை வாங்கி மணந்தாள்.

“நாற்பது வருசமா ஒரு தீவானோட மாரடிச்சாச்சு. இனித் தீவையும் குடிப்பம்.”

குடித்த பிறகு தொண்டை இதமாக இருந்தது என்றாள். இருந்ததுதான். அந்த இலை பொய் சொல்லாது. எரிவு குறையும், அரைமணி நேரத்துக்குக் குரல் கொஞ்சம் திறக்கும். நான் அந்த அரைமணியைப் பிடித்துக்கொண்டேன். கடைக்கு வருகிற எல்லாருக்கும் காட்டினேன். “கேளுங்கோ, இவவின்ர குரலைக் கேளுங்கோ. காலமை அடைச்சுப்போய் இருந்தது. தீவுத் தேத்தண்ணி!” அவள் வெட்கப்பட்டுச் சிரிப்பாள். சிரிப்பில் காற்றுத்தான் வரும்.

ஒரு கிழமை போனது. இரண்டாம் கிழமை. துருக்கிக்காரனின் கடையில் அவள் வாங்கியிருந்தால் மூன்றாம் பைக்கற்றில் அவன் கையை விரித்திருப்பான். எங்கள் கடையில் அது சாக்காக இருந்தது. யாரையும் கேட்கத் தேவையில்லை. மூன்றாம் பைக்கற், பத்தாம் பைக்கற், எல்லாம் நான்தான் உடைத்தேன்.

சித்திரையில் மகள் ரெலிபோன் எடுத்தாள். “அப்பா, அம்மான்ர வொய்ஸ் ஏன் இப்பிடி இருக்கு? டொக்டரிட்டைக் காட்டினீங்களா?”

“தேத்தண்ணி குடிக்கிறா. இப்ப எவ்வளவோ சுகம். நீ பயப்படாதை.”

“ஷுவரா?”

“நான் சொல்லுறன்.”

மனைவிக்கு டொக்டரிடம் போக ஆசை இல்லை என்பதும் உண்மை. கடை இருந்தது, ரெலிபோன் இருந்தது. ஆனால் அவள் ஒருநாள் என்னைக் கேட்டாள். வைகாசி மாதம், காலை, கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு சொல்லாக இழுத்துக் கேட்டாள்: “அப்பா, இதுக்கு எத்தினை நாள் எண்டு அந்தத் துருக்கித் தம்பி ஏதும் சொன்னவரோ?”

நான் பூட்டில் திறப்பைத் திருப்பிக்கொண்டே சொன்னேன்: “மாறும்வரைக்கும் குடிக்கலாமாம்.”

இந்த ஒரு வசனத்தை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசித்துப் பார்க்கிறேன். அவளுக்குக் கெடுதல் நினைத்தா? என் கண்ணைப் பிடுங்கிக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். என் பெயர் வைத்த மருந்து அவளிடம் தோற்றுப் போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. தீவான் ஒருதரம் வென்றிருந்தான்.

ஆடி மாதம் அவளுக்குக் காதுக்குள் நோகத் தொடங்கியது. மகள் லீவு எடுத்துக்கொண்டு வந்து, என்னைக் கேட்காமலே தாயைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். பிறகு நடந்தவற்றை நீட்ட மாட்டேன். தொண்டைக்குள் கமெரா விட்டார்கள். சதை வெட்டிப் பார்த்தார்கள், புற்றுநோய் என்றார்கள். டொக்டர் ஒரு பெண், நல்ல மனுசி. குரல்பெட்டியை எடுக்காமல் முடியாது என்று மகளுக்குச் சொன்னா, மகள் எங்களுக்குத் தமிழில் சொன்னாள். நான் ஒரு கேள்விதான் கேட்டேன், மகளைக் கொண்டு கேட்டேன்: பங்குனியிலேயே வந்திருந்தால்?

டொக்டர் பேனையைக் கீழே வைத்தா. முந்தி வந்திருந்தால் கதிர்ச் சிகிச்சை செய்து பார்த்திருக்கலாம், சிலவேளை குரலை விட்டு வைத்திருக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றா. மகள் அதைச் சொல்லும்போது ‘உறுதியாகச் சொல்ல முடியாது’ என்பதை இரண்டு தரம் சொன்னாள். மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இருந்த குரலை எல்லாம் கூட்டி, “கடையில ரெலிபோன் ஆர் எடுக்கிறது?” என்றாள். அவள் குரலில் நான் கேட்ட கடைசி முழு வசனம் அது.

கழுத்தில் ஓட்டையோடு வீட்டுக்கு வந்தாள். மூச்சு அந்த வழியால்தான். தொண்டையில் வைத்துப் பேசுகிற ஒரு மெஷின் கொடுத்திருந்தார்கள். ஒருதரம் வைத்து “ஹலோ” என்று சொல்லிப் பார்த்தாள். தேன்பூச்சி போத்தலுக்குள் அடைபட்டதுபோல ஒரு சத்தம். அதை மேசை லாச்சிக்குள் வைத்து மூடினவள் பிறகு திறக்கவில்லை. கடையில் ரசீது அடிக்கிற காகிதச் சுருள் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னாள். அதில் எழுதித்தான் பேச்சு. எழுதுவாள், கிழிப்பாள், நீட்டுவாள்.

கடையில் ரெலிபோனை நான் எடுத்தேன். “என்ன மீன் அண்ணை இண்டைக்கு?” என்பார்கள். சொல்லுவேன். “அக்கா இல்லையோ?” என்பார்கள். பிறகு பிறகு மணி அடிப்பது குறைந்தது. நான் நண்டு வேண்டாம் என்றும் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் நண்டும் எடுக்கவில்லை, வியாழக்கிழமை வரவும் இல்லை.

அடுத்த வருடம் துருக்கிக்காரன் அவளைப் பார்க்க வீட்டுக்கு வந்தான். பிற்பகல், வெளியே பனி உருகி வடிகிற நேரம். இகலமூர்ப் பூ ஒரு சாடி நிறைய. இடை ஒடுங்கின சின்னக் கண்ணாடிக் குவளைகள் மூன்று, துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். தானே எங்கள் அடுப்படியில் நின்று போட்டான். பூ நல்ல பூ, மணத்துப் பாருங்கோ அக்கா என்று குவளையை அவளின் மூக்குக்குக் கிட்டப் பிடித்தான். மூக்கால் மூச்சு எடுக்காதவளுக்கு மணம் ஏது. அவள் தலையை ஆட்டி நல்லது என்று காட்டினாள். அவனுக்கு அது தெரியாது. “ஷிஃபா ஒல்சுன்” என்றான். சுகமாகட்டும் என்று கருத்து. இலை விற்கும்போதெல்லாம் சொல்வான்.

பிறகு, ஒரு கள்ளமும் இல்லாமல், என்னைப் பார்த்துச் சொன்னான்: “எனக்கு நித்திரை வருதில்லை, அபி. நான் குடுத்த இலையைத்தானே அக்கா குடிச்சவ. நான் அண்டைக்குச் சொன்னனான் தானே, ஒரு கிழமை எண்டு? சொன்னனான் தானே?”

எங்கள் ஆங்கிலத்தில் ‘வன் வீக்’ என்பது யாருக்கும் விளங்கும். விரலையும் நிமிர்த்திக் காட்டினான்.

மனைவி அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கதவடியில் திறப்போடு நின்ற அந்தக் காலை அவளுக்கு ஞாபகம் வந்தது என்பது எனக்குத் தெரியும். நாற்பது வருடம் பார்த்த முகம். சுருளை இழுத்தாள். எழுதினாள். நீண்ட நேரம் எழுதியதுபோல எனக்கு இருந்தது. கிழித்து என்னிடம் நீட்டினாள்.

“தேத்தண்ணி ஆறுது. அவருக்குக் குடுங்கோ.”

கொடுத்தேன். குவளை சரிந்து அவனின் காற்சட்டையில் ஊற்றுப்பட்டது. அவள் எழும்பிப் போய்த் துணி எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் போகும்போது வாசலில் வைத்துச் சொன்னேன்: “ஓம் தம்பி. நீ சொன்னனீ. எனக்குச் சொன்னனீ.” அவன் தலையைக் குனிந்துகொண்டு காருக்குப் போனான்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தாள். ஒவ்வொரு நாளும் அவள் சுருளை இழுக்கும்போது, கதவடியில் நான் சொன்னதைப் பற்றி இன்றைக்கு எழுதப் போகிறாள் என்று நினைப்பேன். ‘ஜன்னலைச் சாத்துங்கோ.’ ‘கஞ்சிக்கு உப்புக் காணாது.’ ‘மகள் எப்ப வாறாள்?’ ‘கடையில கருவாடு முடிஞ்சுதோ?’ எல்லாத் துண்டுகளையும் பிஸ்கட் ரின்னில் போட்டு வைத்தேன். கார்த்திகையில் அவள் போன பிறகு ஒவ்வொன்றாக விரித்து வாசித்தேன். அது இல்லை. ஏசியும் இல்லை, மன்னித்தும் இல்லை. என்னைத் தீவான் என்று எழுதிய துண்டுகூட, அந்தப் பிற்பகலுக்குப் பிறகு ஒன்றும் இல்லை.

முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். எங்கள் வழக்கம், இறந்தவரின் படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல், எல்லாம் சேர்ந்த சின்னப் புத்தகம். சாப்பாட்டுக்கு வருகிற எல்லார் கையிலும் கொடுப்பது. மகள் எழுதி, ஒருவரைக் கொண்டு தமிழ் திருத்தி, எனக்கு வாசித்துக் காட்டினாள். ‘கணவரின் கண்ணும் கருத்துமான பராமரிப்பில் நோயைத் துணிவுடன் எதிர்கொண்டு’ என்று வந்தது.

“நிப்பாட்டு” என்றேன். “அதில என்ர பங்கைச் சரியா எழுது.”

“எழுதித்தானே இருக்கு அப்பா. பராமரிப்பு எண்டு.”

“அது பாதி. நாலு மாசம் நான் தேத்தண்ணி ஊத்தி, டொக்டரிட்டைப் போகாமல் மறிச்சதை எழுது. அந்தத் தம்பி ஒரு கிழமை எண்டு சொல்ல, நான் அம்மாவுக்கு மாத்திச் சொன்னதை எழுது.”

கதவடியில் நடந்ததை அன்றைக்குத்தான் அவளுக்கு முழுதாகச் சொன்னேன். அவள் தாளை மடித்து மடியில் வைத்தாள்.

“கடை போர்டில உங்கட பேர் சின்னனா இருக்கெண்டு போர்ட் அடிச்சவரோட சண்டை பிடிச்ச ஆள் நீங்கள். இதிலயும் பேர் வேணுமா அப்பா?”

“வேணும்.”

“உதெல்லாம் கல்வெட்டில போடேலாது. அப்பிடிப் போடுறதெண்டால் நானும் போடவேணும். நான் பார்மசிஸ்ட். கவுண்டருக்கு வாற ஆக்களுக்கு, மூண்டு கிழமைக்கு மேல குரல் அடைச்சிருந்தா டொக்டரிட்டைப் போங்கோ எண்டு சொல்லுற ஆள். அம்மாவை ஃபோனில கேட்டிட்டு, நீங்கள் சொன்னதைக் கேட்டிட்டு, ஐ ஜஸ்ட் ஹங் அப். அதையும் போடுவமா?”

அவள் அழுதாள். தாயின் செத்த வீட்டிலும் அப்படி அழவில்லை. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. குளிரறை பூட்டத்தான் தெரியும். எழும்பிப் போய்க் கெற்றிலைப் போட்டேன். பிறகு எந்தப் பூவை, எந்த இலையைப் போடுவது என்று தெரியாமல் வெறும் சுடுதண்ணியைக் கொண்டுவந்து வைத்தேன். அவள் அதைக் குடித்தாள்.

கல்வெட்டு அவள் எழுதியபடியேதான் வந்தது. கண்ணும் கருத்துமான பராமரிப்பு. மண்டபத்தில் எல்லார் கையிலும் இருந்தது. அன்றைக்கு நாலு பைக்கற் எடுத்த அன்ரியும் வந்து என் கையைப் பிடித்துச் சொன்னா: “அண்ணை, உங்களைப்போல ஒரு மனுசன் கிடைக்க அவ குடுத்து வைச்சிருக்க வேணும்.” துருக்கிக்காரன் கடைசி மேசையில் தனியே இருந்து, வாசிக்கத் தெரியாத அந்தப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தான்.

கடையை இப்போது வேறு ஆள் நடத்துகிறார். மிச்சமிருந்த பைக்கற்றுகளை எல்லாம் நான் எடுத்துக்கொண்டு வந்து வீட்டு நிலவறையில் வைத்திருக்கிறேன். எறியவில்லை. இலையில் ஒரு குற்றமும் இல்லை. தொண்டை கரகரத்தால் ஒரு கிழமை குடியுங்கள், கொதிக்க வைக்காமல், மூடி வைத்து. நல்லது. பிறகு போய்க் காட்டுங்கள்.

ஆனபடியால், அந்தப் புத்தகம் விட்டதை நானே எழுதி வைக்கிறேன். ஆண்டுத் திவசத்துக்கு யாராவது மறுபடி அடித்தால் இதைச் சேர்க்க வேண்டும். கடையைக் கட்டியவன் நான், குளிரறையைப் பூட்டியவன் நான், தீவுத் தேத்தண்ணிக்குப் பெயர் வைத்தவன் நான். அதே வாயால்தான் அவளுக்கு ‘மாறும்வரைக்கும்’ என்று சொன்னதும். துருக்கிக்காரன் சொல்ல வேண்டியதைச் சொன்னான். அவன்மேல் ஒரு எழுத்தும் விழக் கூடாது. மகள் தகப்பனை நம்பினாள்; அதைக் குற்றம் என்று அவள் நினைத்தாலும் யாரும் எழுதக் கூடாது. பங்கு கேட்டு யாரும் வர வேண்டாம். நான் கட்டிய எதிலும் நான் யாருக்கும் பங்கு கொடுத்தவன் அல்ல. பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் முழுவதும் என்னுடையது. அதை என் பெயரில், கடைப் போர்டில் இருந்ததைவிடப் பெரிய எழுத்தில் போடுங்கள்.